அக்கரைக்கு ஒரு கடிதம்: தாய்–மகள் வாசகர் வட்டங்களும் பேனா நட்பும்



இந்த மேடையில் மொழியறிஞர்களும் பேராசிரியர்களும் உரையாற்றுவது வழக்கம். நாங்கள் அறிஞர்கள் அல்லர். சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை கூடித் தமிழ்நூல் படிக்கின்ற ஆறு தாய்மாரும் அவர்களுடைய மகள்கள் எழுவரும் சேர்ந்த ஒரு சிறு வட்டம் எங்களுடையது. வட்டத்தின் சார்பில் ஒருவர் இங்கே நின்றாலும் பேச்சு எல்லாருக்கும் உரியது. ஆகவே ‘நாங்கள்’ என்றே பேச விரும்புகிறோம். பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் எங்களைப் போலவே கூடிப் படிக்கும் இன்னொரு தாய்–மகள் வட்டத்தோடு ஈராண்டுகளாகக் கடிதத் தொடர்பு வைத்திருக்கிறோம். அந்த ஈராண்டுகளில் நாங்கள் கற்றதையும், கற்பதற்கு முன் தவறியதையும் உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தாயும் மகளும் சேர்ந்து படித்தல்

தாயும் மகளும் ஒரே நூலைப் படித்து, வேறு தாய்–மகள் இணைகளோடு கூடிப் பேசும் பழக்கத்தைப் பலரறியச் செய்தவர் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சேர்ந்த ஷிரீன் டாட்சன். பத்துத் தாய்மாரும் அவர்தம் மகள்களும் ஒன்றுகூடிப் படித்த தம் வட்டத்தின் அனுபவத்தை அவர் 1997ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். வளரும் பருவத்து மகளோடு பேசுவதற்கு ஒரு வழி தேடிய தாயின் முயற்சி அது. நேருக்கு நேர் கேட்டால் பதில் வராத கேள்விகளுக்கு, கதைமாந்தரைப் பற்றிப் பேசும்போது பதில் தானாக வந்துவிடுகிறது.

பத்தாண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டில், ஹெதர் வோகல் ஃபிரெடரிக் என்னும் எழுத்தாளர் இத்தகைய வட்டம் ஒன்றையே கதைக்களமாக்கிச் சிறுமியருக்கான நாவல் வரிசையைத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு நகரில் நடக்கும் கதை அது. அவ்வரிசையில் 2009இல் வெளிவந்த மூன்றாம் நூலில், கான்கார்டுச் சிறுமியருக்கும் தொலைவிலுள்ள வயோமிங் மாநிலத்து வாசகர் வட்டச் சிறுமியருக்கும் இடையே பேனா நட்பு அரும்புகிறது. அவ்வாண்டு அவர்கள் படிக்கும் நூலும் பொருத்தமானதே. ஜீன் வெப்ஸ்டர் 1912இல் எழுதிய ‘டாடி லாங் லெக்ஸ்’ என்னும் அந்நாவல், ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண், தன் கல்லூரிச் செலவை ஏற்ற முகமறியா மனிதருக்கு எழுதும் கடிதங்களால் ஆனது.

அந்த நாவல் வரிசையை எங்கள் பிள்ளைகளுள் இருவர் ஆங்கிலத்தில் படித்திருந்தனர். ‘நாமும் இப்படி எழுதினால் என்ன?’ என்று கேட்டவர்கள் அவர்களே. ‘தமிழில்’ என்ற சொல்லைச் சேர்த்தவர்கள் நாங்கள். அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் எங்கள் கூடத்தில் எழுந்த அமைதி இன்றும் நினைவிருக்கிறது.

நமக்குப் புதிதா?

கடிதம் வழியாக இலக்கியம் வளர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. மு. வரதராசனார் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ எனக் கடித வடிவிலேயே நூல்கள் எழுதினார். இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் நண்பர்களாக வளர்ந்து, பிரிந்து வாழ்ந்த நாள்களில் கடிதங்களால் அந்நட்பைக் காத்தனர். அக்கடிதங்கள் இன்று இலக்கியமாகப் படிக்கப்படுகின்றன.

இந்த மண்ணிலும் அதற்கு முன்னோடிகள் உண்டு. 1950ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் வழியாகச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். எழுத விரும்பியவர்களுக்கு வகுப்பறை அந்த நாளிதழேதான். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியை நடத்தி, மலாயாவெங்கும் இருந்த இளையோரை எழுத வைத்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த இளம் வாசகர்கள், தம்மைப் போல் இன்னொருவர் எங்கோ தமிழில் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அறிந்துகொள்ள அப்பக்கங்கள் உதவின. நாங்கள் செய்ய முயன்றது அப்பெரும் பணியின் மிகச் சிறிய தொடர்ச்சி என்றே கருதுகிறோம்.

எவருக்காக எழுதுவது?

சிங்கப்பூரின் நிலையை இங்கே எண்களால் நினைவூட்டுவது நன்று. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களுள், வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காட்டினர். 2020இல் அது 48.3 விழுக்காடு. அதே 2020இல் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இந்த எண்களுக்குள் எங்கள் வீடுகளும் அடக்கம். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு நிலையையே சொல்கிறோம்.

எங்கள் தாய்மாருள் மூவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தமிழில் பேசுவார்கள். மகள்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். மற்ற மூவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளியோடு தமிழ் எழுதுவதை நிறுத்தி இருபது இருபத்தைந்து ஆண்டுகள் ஆனவர்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்க வரும். எழுதப் பேனாவை எடுத்தால் ‘ர’கரமா ‘ற’கரமா என்ற ஐயம் வந்துவிடும்.

எங்கள் பிள்ளைகள் தமிழில் எழுதாதவர்கள் அல்லர். வாரந்தோறும் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் எழுதும் ஒவ்வொரு தாளும் மதிப்பெண் இடுபவரிடமே செல்கிறது. வினாத்தாளில் ‘உன் தோழிக்குக் கடிதம் எழுதுக’ என்று கேட்கப்படும், பிள்ளை எழுதும், அந்தத் தோழி எங்கும் இல்லை. பதில் வராத கடிதங்களையே எழுதிப் பழகிய பிள்ளைக்கு, தமிழில் எழுதினால் பதில் வரும் என்ற எண்ணமே தோன்றாமல் போகிறது. ஆசிரியர்களின் உழைப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் கற்பித்த எழுத்து இல்லாவிட்டால் கடிதமே இல்லை. ஆனால் அந்த எழுத்துக்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு முகவரி வேண்டியிருக்கிறது.

முதல் தோல்வி

பேராக்கில் உள்ள வட்டம் எங்களுள் ஒருவரின் உறவினர் வழியாக அறிமுகமானது. அங்குள்ள பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள். மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். தொடக்கக் கல்வி முழுவதையும் தமிழ்வழி கற்ற பிள்ளைகள் அவர்கள். எங்கள் பிள்ளைகளோ தமிழை ஒரு பாடமாக மட்டும் கற்பவர்கள். அந்த வேறுபாடு எங்கள் தாய்மாருக்கு அச்சத்தை உண்டாக்கியது. நம் பிள்ளை தவறாக எழுதினால் அங்குள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் அது.

ஆகவே முதல் கடிதங்களை நாங்கள் திருத்தினோம். சந்திப்பிழை நீக்கினோம், மரபுத்தொடர் சேர்த்தோம், ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி முறைப்படி முடித்தோம். பிள்ளைகள் அதை அழகாகப் படியெடுத்தார்கள். ஏழு உறைகள் சென்றன. ஒரு மாதத்துக்குப் பின் ஐந்து பதில்கள் வந்தன. அவையும் எங்கள் கடிதங்களைப் போலவே குறையற்றும் உயிரற்றும் இருந்தன. இரண்டாம் முறை மூன்று பதில்கள். மூன்றாம் முறை ஒன்றுகூட வரவில்லை.

காரணம் கேட்க நாங்கள் தொலைபேசியில் அழைத்தோம். அந்த வட்டத்துத் தாய் ஒருவர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். எங்கள் கடிதங்கள் தேர்வுக்கான மாதிரிக் கட்டுரைகளைப் போல் இருந்தனவாம். இவ்வளவு நன்றாக எழுதுபவர்களுக்குத் தாம் என்ன எழுதுவது என்று அவர்களுடைய பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டார்களாம். அவர்களைக் கண்டு நாங்கள் அஞ்சினோம்; எங்களைக் கண்டு அவர்கள் அஞ்சினார்கள். நடுவில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூடச் சொந்தமாக எழுத வாய்ப்பில்லாமல் போயிற்று.

மூன்று விதிகள்

அதன்பின் இரு வட்டங்களும் சேர்ந்து மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, தாய் திருத்தக் கூடாது. பிள்ளை ஒரு சொல்லைக் கேட்டால் சொல்லலாம். கேட்காததைச் சொல்லக் கூடாது. இரண்டாவது, கடிதம் படித்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். எழுதுபவருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியோடு முடிய வேண்டும். மூன்றாவது, தாய்மாரும் எழுத வேண்டும். மகளை எழுதச் சொல்லிவிட்டுத் தாய் சும்மா இருப்பது இல்லை.

அடுத்த மாதம் இரு வட்டங்களும் கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ சிறுகதையைப் படித்தன. தீபாவளிக்கு முன் ஓர் ஏழை வீட்டுக்கு ஆதரவற்ற சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான். வீட்டுத் தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். கணவனுக்கென வாங்கிய துண்டு அச்சிறுவனுக்குப் போகிறது. எங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். ‘துண்டு’ என்ற சொல்லை ஐந்து இடங்களில் ‘துன்டு’ என்றே எழுதியிருந்தாள். தாய்க்குக் கை துடித்தது, ஆனால் திருத்தவில்லை. அப்பாவுக்கு உரியதை அப்பாவைக் கேட்காமல் கொடுத்தது சரியா, உன் வீட்டில் இது நடந்தால் உன் அப்பா என்ன சொல்வார் என்பது அவள் கேள்வி.

பதில் பதினோரு நாளில் வந்தது, மூன்று பக்கம். அந்தப் பிள்ளை தன் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையைக் கொடுத்துவிட்டு, வீட்டில் மூன்று நாள் பேச்சு வாங்கியதை எழுதியிருந்தாள். கதையைப் படித்த பிறகே பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். அதில் ‘துண்டு’ என்ற சொல் சரியாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் பிள்ளை இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அடுத்த கடிதத்தில் மூன்று சுழி ‘ண்’ வந்துவிட்டது. எவரும் சொல்லித் தரவில்லை.

விளிக்கும் சொல்

தமிழில் கடிதம் எழுதுவோர் முதல் வரியிலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். எழுதப்படுபவர் ‘நீ’யா, ‘நீங்க’ளா? அவர் அக்காவா, தங்கையா? ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லால் விளித்துவிடலாம். தமிழில் உறவை முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க இயலாது. எங்கள் பிள்ளைகள் இதைப் பற்றி ஒரு சந்திப்பு முழுவதும் விவாதித்தார்கள். ஓராண்டு மூத்தவளை ‘அக்கா’ என்பதா? தோழியின் தாயைச் சிங்கப்பூரில் நாம் ‘ஆன்ட்டி’ என்கிறோம். கடிதத்தில் அதை எழுதலாமா? இறுதியில் பேராக் பிள்ளைகளே வழி காட்டினர். அவர்கள் எங்கள் தாய்மாரைப் ‘பெரியம்மா’, ‘சின்னம்மா’ என்று எழுதத் தொடங்கினர். அந்தச் சொல் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. வினைமுற்றில் மரியாதை விகுதியைப் பாடமாகப் படித்த பிள்ளைகள், அதை ஒருவர் மனம் நோகாமல் இருப்பதற்காகப் பயன்படுத்தியது அப்போதுதான்.

தாய்க்குச் சொல்ல முடியாதது

இரண்டாம் ஆண்டில், பிள்ளைகள் பதினான்கு பதினைந்து வயதை எட்டியபோது, இரு வட்டத்துத் தாய்மாரும் கலந்து பேசி அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையைத் தேர்ந்தெடுத்தோம். தாய் ஊரில் இல்லாத நாளில் ஒரு சிறுமி பூப்படைகிறாள். தாய் வந்து அணைத்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள். திரும்பி வந்த தாயோ வேறொரு கவலையின் சினத்தில் ஒரு சொல் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல்லே கதையின் தலைப்புக்குக் காரணம்.

அம்மாதக் கூட்டத்தில் எவரும் அதிகம் பேசவில்லை. தாய்மார் மொழிநடையைப் பற்றிப் பேசினோம். மகள்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை எங்களுக்குள் ஏதோ செய்திருந்தது. ஆனால் தாயும் மகளும் ஒரே அறையில் இருந்ததாலேயே அதைச் சொல்ல முடியவில்லை. புத்தகத்தைப் பற்றிப் பேசினால் மனம் திறக்கும் என்பது வட்டத்தின் அடிப்படை நம்பிக்கை. அது அன்று பலிக்கவில்லை.

எங்கள் பிள்ளை ஒருத்தி அக்கதையைப் பற்றிப் பேராக்கில் இருந்த ‘பெரியம்மா’ ஒருவருக்கு எழுதினாள். மகள் மற்ற வட்டத்துத் தாய்க்கு எழுதுவது அதுவே முதல் முறை. இரு தாய்மாரின் சம்மதத்தோடுதான் எழுதினாள். ஆனால் என்ன எழுதினாள் என்று அவள் தாய் கேட்கவில்லை. பதில் வந்த பின்னும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையே பதிலைத் தாயின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் உள்ளடக்கத்தை முழுமையாகச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அவர்கள் அனுமதித்த அளவில் சொல்கிறோம். உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கையின்போது தன் அம்மா சொன்ன ஒரு சொல்லைத் தன்னால் மறக்க முடியவில்லை என்று மகள் எழுதியிருந்தாள். அந்தப் பெரியம்மா அறிவுரை எதுவும் எழுதவில்லை. தாமும் தம் மகளிடம் அப்படி ஒரு சொல் சொன்னதுண்டு என்றும், அன்று வேறெதற்கோ அஞ்சியே அதைச் சொன்னதாகவும், இன்னும் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை என்றும், இந்தக் கடிதத்தை முடித்ததும் கேட்கப் போவதாகவும் எழுதியிருந்தார்.

எங்கள் வட்டத்துத் தாய், இங்கேயே பிறந்து வளர்ந்து, இருபத்து மூன்று ஆண்டுகள் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதாதவர். அன்றிரவு அவர் தம் மகளுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருப்பவளுக்கு. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்று நாங்கள் பின்னர் கேட்டோம். ஆங்கிலத்தில் எழுதினால் தமக்கு வேகமாக வந்துவிடும் என்றும், வேகமாக வந்த சொல்லால்தான் முதலில் தவறு நேர்ந்தது என்றும் அவர் சொன்னார். காலையில் அந்தக் கடிதம் அவருக்குத் திரும்பி வந்தது. மகள் இரண்டு இடங்களில் ‘ர’வை ‘ற’வாகத் திருத்தி, கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரி அவர்கள் இருவருக்கும் உரியது.

எல்லா வீட்டிலும் இது நடக்கவில்லை. ஒரு பிள்ளை கடிதம் எழுதுவதை விட்டுவிட்டாள். ஒரு தாய்க்கு இன்னும் நேரம் கிடைப்பதில்லை. கடிதம் எல்லாப் பிணக்கையும் தீர்க்கும் மருந்து என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில், பேர்டி மேத்யூஸ் என்ற ஆசிரியை தம் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெயர்களைத் தந்து கடிதம் எழுத வைத்தார். ஹுவானிட்டா வாக்னர் என்ற பத்து வயதுச் சிறுமிக்குக் கிடைத்த பெயர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஆன் ஃபிராங்க். அவ்வாண்டு ஏப்ரலில் ஆனும் அவள் அக்கா மார்கோட்டும் ஹுவானிட்டாவுக்கும் அவள் அக்கா பெட்டிக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுதினர். அவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. தந்தை மொழிபெயர்க்க, அவர்கள் படியெடுத்தனர் என்று கருதப்படுகிறது. மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. அதன்பின் அங்கிருந்து கடிதம் வரவில்லை. ஈராண்டு கழித்துத் தொடங்கிய நாட்குறிப்பை ஆன் ஃபிராங்க், ‘கிட்டி’ என்னும் கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதங்களாகவே எழுதினாள். போர் முடிந்த பின் பெட்டி மீண்டும் அந்த முகவரிக்கு எழுதினார். பதில் எழுதியவர் உயிர் பிழைத்த தந்தை ஓட்டோ ஃபிராங்க்.

ஓர் ஆசிரியர் தந்த ஒரு பெயரும் முகவரியும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்காகவே இதைச் சொன்னோம். உங்கள் கையிலும் அத்தகைய பெயர்கள் உள்ளன. அக்கரையில் உள்ள ஒரு பள்ளியை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வகுப்புப் பெற்றோரை அறிவீர்கள். மூன்று தாய்–மகள் இணைகள் இருந்தாலே ஒரு வட்டம் தொடங்கலாம். பிள்ளைகளின் வீட்டு முகவரியைத் தராமல், இருபுறமும் பொறுப்பான ஒருவரின் முகவரிக்கே எல்லாக் கடிதங்களையும் அனுப்புங்கள். குறுநாவலை விடச் சிறுகதையே தொடக்கத்துக்கு ஏற்றது. மகள் இல்லாத வீட்டில் மகன் எழுதலாம். தாய் இல்லாத வீட்டில் பாட்டியோ தந்தையோ எழுதலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: அந்தக் கடிதங்களுக்கு மதிப்பெண் இடாதீர்கள். வேறு எதற்கு வேண்டுமானாலும் இடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தமிழில் பிழை இருக்கலாம். எங்கள் தமிழிலும் இருக்கிறது. பிழையோடு எழுதப்பட்ட கடிதத்துக்குத்தான் எங்களுக்கு மூன்று பக்கப் பதில் வந்தது. அந்த உறையும் அதன் பதிலும் இன்று எங்களோடு வந்திருக்கின்றன. உரிய பிள்ளைகளின் அனுமதியோடு வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் வெற்றுத் தாள்களும் உறைகளும் உள்ளன. பேராக்கில் நான்கு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அவர்களுக்கு எழுத இன்னும் ஆள் இல்லை. பெற்றோரோடு வந்து, எழுத விரும்பும் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.